லில்லிபாண்டில் சொந்தக் குறி வரைந்து சொருகுவது: போஸ்ட்ஸ்கிரிப்டா, பாத்தா? (அம்பாப் பாட்டு, கமகக் குறிகள்)

தென்கடல்_மண்டபம்

கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டுகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் (மேற்கத்திய ஐந்துகோட்டு இசைக்குறிப்பில்) ஏற்றும் வேலை. கட்டளைகளாக எழுதியதை இசைக்குறிப்பாக அடுக்கித் தரும் லில்லிபாண்ட் 2.24, எடிட்டர் ஃப்ரெஸ்கோபால்டி. மென்பொருளில் இல்லாத இரண்டு குறிகள் வேண்டும். ஒன்று ‘இழுப்பு’: தலைப்பாட்டுக்காரர் அடி எடுத்துக் கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடும்போது எந்த ஸ்வரத்தில் கயிறு இழுபடுகிறது என்று காட்டும் அம்பு. இன்னொன்று, ‘ஏ...லோ’ என்று நீளும் இடத்தில் குரல் அசைவதைக் காட்டும் அலைக்கோடு.

அம்பை இங்க்ஸ்கேப்பில் வரைந்து, எஸ்விஜி (வெக்டர் படம்) கோப்பைத் திறந்து எண்களை எடுத்து, மார்க்கப்பில் (ஸ்வரத்தோடு சேர்க்கும் எழுத்து, வரைபடப் பகுதியில்) போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு வரைமொழிக் கட்டளைக்குள் போட்டேன். மூன்று கோளாறு. மேலே வளைந்து ஏற வேண்டிய அம்பு தலைகீழாகத் தொங்குகிறது. பாட்டு வரி அம்பின் மேலேயே ஏறி உட்காருகிறது. பிடிஎஃப்பில் தெரிகிற அம்பு, வலைப்பக்கத்துக்கு எடுத்த எஸ்விஜியில் இல்லவே இல்லை. எங்கே தவறு?

(இங்கே கட்டளைகளைத் தமிழெழுத்தில் எழுதுகிறேன். கோப்பில் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.)

கீழக்கரை_கீபோர்டு

தம்பி, மூன்றுக்கும் மூன்று காரணம்.

தலைகீழ்: எஸ்விஜியில் ஒய் அச்சு கீழ்நோக்கிக் கூடும். போஸ்ட்ஸ்கிரிப்டிலும் லில்லிபாண்டிலும் மேல்நோக்கிக் கூடும். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது எண்ணின் குறியை மாற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் வளைவு முறுக்கிக்கொள்ளும்.

மோதல்: போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளைக்குள் என்ன வரைந்திருக்கிறது என்று லில்லிபாண்ட் படித்துப் பார்ப்பதே இல்லை. அதன் அகலம் 0, உயரம் 0 என்று எடுத்துக்கொண்டு சரத்தை அப்படியே வெளியே தள்ளிவிடும். இடம் ஒதுக்காததால் பாட்டு வரி மேலே ஏறுகிறது. போஸ்ட்ஸ்கிரிப்டையே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதைச் சுற்றி ‘வித்-டைமென்ஷன்ஸ்’ போட்டு எக்ஸ் எல்லையும் ஒய் எல்லையும் நீங்களே சொல்ல வேண்டும்.

காணாமல் போனது: எஸ்விஜியை எழுதும் வெளியீட்டுப் பகுதியான பேக்எண்டுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாது. 2.24-இல் வந்த கெய்ரோ பேக்எண்டும் அப்படித்தான்.

ஆகவே போஸ்ட்ஸ்கிரிப்டை விட்டுவிட்டு மார்க்கப்பிலேயே இருக்கும் ‘பாத்’ (கோட்டுப் பாதை) கட்டளைக்கு வாருங்கள். எல்லையைத் தானே கணக்கிடும், எல்லா பேக்எண்டிலும் வரும். உங்கள் அம்புக்கு (மூவ்டு என்றால் பேனாவை நகர்த்து, லைன்டு என்றால் நேர்கோடு, கர்வ்டு என்றால் வளைவு: இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளி, பிறகு முடிவுப் புள்ளி):

(மூவ்டு 0 0)
(கர்வ்டு 0.2 0.7 0.7 1 1.3 1)
(மூவ்டு 0.9 1.35)
(லைன்டு 1.3 1)
(லைன்டு 0.9 0.65)

முதலில் கோட்டுத் தடிமன் 0.16, பிறகு இந்தப் பட்டியல். போஸ்ட்ஸ்கிரிப்டில் எண் முன்னால், கட்டளை பின்னால். பாத் பட்டியலில் கட்டளை முன்னால். பழைய சரத்தை வெட்டி ஒட்டும்போது இந்த வரிசை மாற்றத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

அலகு ஸ்டாஃப் ஸ்பேஸ், அதாவது அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள தூரம். இயல்பு அளவான 20 பாயின்டில் அது 5 பாயின்ட், சுமார் 1.757 மி.மீ. இந்த அம்பு 1.3 அகலம், அதாவது 2.3 மி.மீ. ஸ்வரத் தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிது, பக்கத்து ஸ்வரத்தைத் தொடாது.

தென்கடல்_மண்டபம்

காக்கா, பாத்துக்கு மாற்றியதும் மோதலும் போனது, எஸ்விஜியிலும் வந்துவிட்டது. ஆனால் அம்பு இரண்டு மூன்று அடுத்தடுத்து வரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று அடுக்காக ஏறுகிறது. பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டாமா?

தங்கச்சிமடம்_கொயர்

அது டெக்ஸ்ட்ஸ்கிரிப்டின் இயல்பு. ஸ்வரத்தில் தொங்கும் மார்க்கப்பின் அகலத்தை ஸ்வர இடைவெளிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் இடம் பற்றாதபோது மேலே மேலே அடுக்குகிறது. ‘டெக்ஸ்ட்லென்த்ஆன்’ என்று ஒரு வரி போட்டால் அகலமும் கணக்கில் வந்து ஸ்வரங்கள் விலகும். பாட்டு முழுக்கப் போடாதீர்கள், அம்பு நெருக்கமாக வரும் அடிகளில் மட்டும் போட்டு, பிறகு ‘ஆஃப்’ செய்துவிடுங்கள். இல்லையென்றால் தலைப்பு மாதிரி நீளமான எழுத்து எங்காவது இருந்தால் அந்த பார் மட்டும் ஒரு முழம் நீளும்.

அம்புகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க ‘டெக்ஸ்ட்ஸ்கிரிப்ட் ஸ்டாஃப்-பேடிங்’ 2 என்று வையுங்கள். கூட்டமாகப் பாடுகிறவர்கள் கண் ஒரே உயரத்தில் தேடும்.

தேவிபட்டினம்_9

குறுக்கே பேசுகிறேன். அம்புக்குச் சரி. அலைக்கோட்டுக்கு ஏன் சொந்தமாக வரைய வேண்டும்? ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் வரை கோடிழுக்கும் டெக்ஸ்ட்ஸ்பேனரின் ஸ்டைலை ‘ட்ரில்’ என்று மாற்றினால் அலைக்கோடு வந்துவிடுகிறது. ‘ஜிக்ஜாக்’ என்றால் முள்முள்ளாக வரும், அதன் அகலம் உயரம் இரண்டையும் மாற்றலாம். கமகத்துக்கு நம்மிடம் அச்சேறிய மரபே உண்டு: 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் பதிப்பித்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கம்பிதத்துக்கு (அசைவு) நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கு (மேல்நோக்கிய சறுக்கல்) ஏறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கும் சாய்கோடு என்று வரையறுத்து அச்சிட்டிருக்கிறார்கள். அதையே பின்பற்றினால் படிக்கிறவருக்குப் புதிதாக ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். ஜாருவுக்கு, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குக் கோடு இழுக்கும் கிளிசாண்டோ கட்டளையே போதும்.

கீழக்கரை_கீபோர்டு

மரபுக் குறியையே எடுத்துக்கொள்வோம் என்பதில் உடன்பாடு. ஆனால் கிளிசாண்டோ போதாது அண்ணே. அதற்கு இரண்டு பக்கமும் ஸ்வரம் வேண்டும். ஜாரு பல நேரம் குறிப்பில் எழுதாத ஓர் இடத்திலிருந்து ஏறி வருகிறது. அங்கே ஸ்வரத்துக்கு மேல் சாய்கோட்டைப் பாத்தாகப் போடுவதுதான் நேர்மை: மூவ்டு 0 0, லைன்டு 0.9 0.9, தடிமன் 0.16. இறக்கத்துக்கு மூவ்டு 0 0.9, லைன்டு 0.9 0.

‘ட்ரில்’ ஸ்டைலில் என் குறை வேறு. அது எழுத்துருவிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறது. மேற்கத்திய ட்ரில் குறியின் முகம் அப்படியே தெரியும். ஸ்டாஃப் படிக்கத் தெரிந்தவர் அதைப் பார்த்ததும் பக்கத்து ஸ்வரத்தோடு மாறி மாறி அடிப்பார். அம்பாப் பாட்டில் வருவது அதுவல்ல.

தென்கடல்_மண்டபம்

அதேதான் என் பயமும். அலையைப் பாத்தாக வரைந்தும் பார்த்தேன். 6 ஸ்பேஸ் அகலத்துக்கு வரைந்தால், நெருக்கமான வரியில் அடுத்த ஸ்வரத்தைத் தாண்டிப் போகிறது, தளர்வான வரியில் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

கீழக்கரை_கீபோர்டு

ஸ்வரத்தின் அகலம் பக்கம் அடுக்கிய பிறகுதான் தெரியும். நிலையான அகலத்தில் வரைந்தால் அப்படித்தான் ஆகும். டெக்ஸ்ட்ஸ்பேனரை எலும்பாக வைத்துக்கொண்டு அதன் ஸ்டென்சிலை (வரையப்படும் உருவத்தை) மட்டும் நம்முடையதாக மாற்ற வேண்டும்.

ஓர் அலை:

(ஆர்கர்வ்டு 0.25 0.5 0.5 0.5 0.75 0)
(ஆர்கர்வ்டு 0.25 -0.5 0.5 -0.5 0.75 0)

முதல் ‘ஆர்’ என்பது நின்ற இடத்திலிருந்து கணக்கு என்று அர்த்தம். அகலம் 1.5. கட்டுப்பாட்டுப் புள்ளி 0.5 உயரத்தில் இருந்தாலும் வளைவு அதில் முக்கால் பங்குதான் ஏறும், அதாவது 0.375. மொத்த அலை உயரம் 0.75. முதல் வளைவு இறங்கி முடியும் சாய்வும் அடுத்தது தொடங்கும் சாய்வும் ஒன்றே என்பதால் இணைப்பில் மூலை தெரியாது. இதை மாற்றி ஒரு பக்கம் 0.25, மறு பக்கம் 0.3 என்று வைத்தால் ஒவ்வொரு அலைக்கும் ஒரு முடிச்சு விழும்.

இனி ஸ்டென்சில் வேலை. லில்லிபாண்டுக்குள் இயங்கும் ஸ்கீம் மொழியில் ‘லாம்ப்டா’ (பெயரில்லாத செயல்) ஒன்று எழுதுங்கள். அது செய்ய வேண்டியது: இயல்பான ‘லைன்-ஸ்பேனர் பிரிண்ட்’ தரும் ஸ்டென்சிலை வாங்கு. ‘ஸ்டென்சில்-எக்ஸ்டென்ட்’ கொண்டு அதன் எக்ஸ் எல்லையை எடு. அகலத்தை 1.5-ஆல் வகுத்துக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கு, அதுதான் அலைகளின் எண்ணிக்கை, குறைந்தது 1. பட்டியலில் மூவ்டு 0 0 வைத்து, மேலே சொன்ன இரண்டு வரியையும் அத்தனை முறை சேர். ‘மேக்-பாத்-ஸ்டென்சில்’ என்பதற்குப் பட்டியல், தடிமன், எக்ஸ் அளவீடு, ஒய் அளவீடு, நிரப்பலாமா என்ற ஐந்தையும் கொடு. எக்ஸ் அளவீடு என்பது அகலத்தை (எண்ணிக்கை × 1.5)-ஆல் வகுத்தது. ஒய் அளவீடு 1, நிரப்ப வேண்டாம். கடைசியாக ‘ஸ்டென்சில்-ட்ரான்ஸ்லேட்’ கொண்டு பழைய ஸ்டென்சிலின் இடது ஓரத்துக்கு நகர்த்து.

அகலம் 7.2 என்றால் 4 அலை, ஒவ்வொன்றும் 1.2 மடங்கு நீண்டு சரியாக ஓரத்தில் முடியும். வரி உடைந்து அடுத்த வரிக்குப் போனால் ஒவ்வொரு துண்டுக்கும் இந்தச் செயல் தனித்தனியாக ஓடும், அலை எண்ணிக்கையும் தனித்தனியாக வரும். ஸ்டைலை ‘லைன்’ என்று வையுங்கள், இயல்பான விட்டுவிட்ட கோடு வேண்டாம். பழைய ஸ்டென்சில் காலியாக வரும் இடத்தில் எல்லையைக் கேட்டால் முடிவிலி எண் வரும், அதை வைத்து அலை எண்ணப் போனால் பிழையில் நிற்கும். முதலிலேயே காலியா என்று பார்த்துவிட்டு அப்படியே திருப்பிவிடுங்கள்.

தென்கடல்_மண்டபம்

ஒரே ஸ்வரத்தின் மேல் தொடங்கி அதே ஸ்வரத்தில் முடிய வேண்டும். ஸ்பேனர் இரண்டாவது ஸ்வரம் கேட்கிறதே?

தங்கச்சிமடம்_கொயர்

பாட்டுக்கு இணையாக இன்னொரு ஓட்டத்தில் ‘எஸ்’ என்ற கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஸ்வரம் வையுங்கள். நான்கு மாத்திரை ஸ்வரம் என்றால் எஸ்2-இல் தொடக்கம், எஸ்4, எஸ்4-இல் முடிவு. அலை கடைசி ஒரு மாத்திரைக்கு முன்னால் நின்றுவிடும், கண்ணுக்கு அதுவே அழகு. கடைசி வரைக்கும் ஓட வேண்டுமென்றால் எஸ்8-ஆகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தொண்டித்துறை

மியூஸ்ஸ்கோர் (இன்னொரு இசைக்குறிப்பு மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்காக ஒன்று. அதில் கட்டளை எழுதிச் சொருகும் வழி இல்லை, எஸ்விஜி படமாகத்தான் இழுத்துவிட வேண்டும். வரைவதற்கு முன்னால் இசட் விசையை அழுத்தி மாஸ்டர் பேலட்டைப் பாருங்கள். ஸ்டைன்பெர்க் நிறுவனம் தொடங்கிவைத்த ஸ்மஃபுல் தரத்தின் எழுத்துருக் குறிகள் ஆயிரக்கணக்கில் அங்கே கிடக்கின்றன. அம்பு, நெளிகோடு, சாய்கோடு எல்லாம் வகைவகையாக உண்டு.

இல்லையென்றால்தான் படம். அதிலுள்ள எஸ்விஜி வாசிப்பான் எளிய வடிவங்களுக்கானது. மங்கல், நிழல், மாஸ்க் போன்றவற்றை நம்பாதீர்கள், வெறும் கோடும் நிரப்பலும் போதும். எழுத்து இருந்தால் இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட் கன்ட்ரோல் சி அழுத்திப் பாத்தாக மாற்றிவிட்டுச் சேமியுங்கள். பட அளவைப் பண்புகளில் ஸ்டாஃப் ஸ்பேஸ் அலகில் வைக்கும் தேர்வைப் போடுங்கள். மில்லிமீட்டரில் விட்டால் ஸ்டாஃப் அளவைக் குறைக்கும்போது ஸ்வரம் சிறுக்கும், அம்பு மட்டும் யானை மாதிரி நிற்கும்.

தேவிபட்டினம்_9

இங்க்ஸ்கேப்பிலிருந்து எண்களைக் கையால் எடுக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். லில்லிபாண்ட் பாத், எஸ்விஜியின் ஓரெழுத்துக் கட்டளைகளையும் ஏற்கும். ஆனால் எம், எல், சி, இசட் நான்கும் அவற்றின் சிற்றெழுத்து வடிவமும் மட்டுமே. எச், வி, எஸ், க்யூ, டி, ஏ கிடையாது. இங்க்ஸ்கேப் இடத்தை மிச்சப்படுத்த எச், வி இரண்டையும் தாராளமாகப் போடும். விருப்பத்தேர்வில் எஸ்விஜி வெளியீடு என்ற பகுதியில் பாத் வடிவத்தை ‘அப்சல்யூட்’ என்றும், கட்டளையைத் திரும்பத் திரும்ப எழுது என்றும் வைத்தால் பாதி தொல்லை போகும். அப்படி வைக்காவிட்டால் ஒரு ‘சி’க்குப் பின்னால் 18 எண் வரிசையாக வரும், அதை ஆறாறாக உடைத்து மூன்று கட்டளையாக்க வேண்டும்.

க்யூ வந்தால்: தொடக்கப் புள்ளியிலிருந்து கட்டுப்பாட்டுப் புள்ளியை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் போனால் முதல் புள்ளி. முடிவுப் புள்ளியிலிருந்து அதே போல் மூன்றில் இரண்டு போனால் இரண்டாவது. இரண்டையும் கர்வ்டுவில் வையுங்கள், வளைவு துளியும் மாறாது. முழு வட்டத்துக்கு நான்கு கால் வட்டம், கைப்பிடி நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு.

நடுவில் ஓட்டை உள்ள வடிவம், வலையின் மிதவை மாதிரி: ‘ஃபில்ட்’ உண்மை என்று வைத்து வெளி வட்டம், உள் வட்டம் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால், இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் ஓட்டை அடைந்துபோகும். உள் வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றுங்கள். எஸ்விஜியில் ‘ஈவன்-ஆட்’ விதி போட்டிருந்தால் அங்கே ஓட்டை தெரியும், இங்கே தெரியாது. பலர் மென்பொருள் பழுது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கீழக்கரை_கீபோர்டு

அருமை அண்ணே. தலைகீழ் விஷயத்துக்கும் குறுக்குவழி: எண்களைத் தொடாமல் மேக்-பாத்-ஸ்டென்சிலின் ஒய் அளவீட்டை -0.1 என்றும் எக்ஸ் அளவீட்டை 0.1 என்றும் கொடுங்கள். இங்க்ஸ்கேப்பில் பத்து மடங்கு பெரிதாக, 10 அலகு ஒரு ஸ்பேஸ் என்று வரைந்தால் புரட்டலும் சுருக்கலும் ஒரே வரியில் முடியும். இரண்டு வட்டத்தின் திசையும் சேர்ந்தே புரள்வதால் ஓட்டைக்குப் பழுது வராது.

ஸ்கீமில் இன்னொன்று. பட்டியலுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டால் உள்ளே எழுதிய மாறியின் பெயர் பெயராகவே நிற்கும், அதன் மதிப்பு வராது. ‘எண் வேண்டும், குறியீடு வந்தது’ என்கிற மாதிரிப் பிழை வந்தால் இதுதான். பின்மேற்கோள் போட்டு, மாறிக்கு முன்னால் காற்புள்ளி வையுங்கள்.

தொண்டித்துறை

அப்படியானால் போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளைக்கு வேலையே இல்லையா? விட்டுவிட்டுப் போகும் கோடு வேண்டுமென்றால் ‘செட்டேஷ்’ அங்கேதானே இருக்கிறது? தளர்ந்த கயிற்றைக் காட்ட அது வேண்டும்.

தங்கச்சிமடம்_கொயர்

நேர்கோடு என்றால் மார்க்கப்பிலேயே ‘ட்ரா-டேஷ்ட்-லைன்’ உண்டு. ‘ஆன்’, ‘ஆஃப்’ இரண்டும் மாற்றலாம். வளைந்த கோட்டை விட்டுவிட்டுப் போட வேண்டுமென்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட், இல்லையென்றால் சின்னச் சின்ன வளைவாக வெட்டிப் பாத்.

கீழக்கரை_கீபோர்டு

போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் மூன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லில்லிபாண்ட் உங்கள் சரத்தைச் சுற்றி ‘ஜிசேவ்’ (வரைநிலையைச் சேமி), ‘ஜிரெஸ்டோர்’ (பழைய நிலைக்குத் திரும்பு) போட்டு, தொடக்கத் தடிமன் 0.1 என்று வைத்துத்தான் அனுப்புகிறது. உள்ளே நீங்கள் ஒரு ஜிரெஸ்டோர் அதிகமாகப் போட்டால் அதற்குப் பின்னால் வரும் பக்கமே இடம்பெயரும். வெளியே உருவாக்கிய கோப்பின் உள்ளடக்கத்தை ஒட்டினால் அதிலுள்ள ‘ஷோபேஜ்’ பக்கத்தைப் பாதியில் துப்பிவிடும். அப்படிப்பட்ட முழுக் கோப்புக்கு ‘இபிஎஸ்ஃபைல்’ கட்டளைதான்.

எழுத்துப் பிழை இருந்தால் லில்லிபாண்ட் எதுவும் சொல்லாது. கடைசியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் பிடிஎஃப்பாக மாற்றும்போது மொத்தமாக விழும், எந்த வரி என்றும் தெரியாது. பாத்தில் தவறு செய்தால் பெரும்பாலும் லில்லிபாண்டே சொல்லிவிடும். எனக்கு இதுவே போதுமான காரணம்.

போஸ்ட்ஸ்கிரிப்டுக்குள் தமிழ் எழுதவே எழுதாதீர்கள். ‘ஷோ’ கட்டளை எழுத்தை வடிவமைக்காது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘லோ’ மூன்று துண்டாகும். மார்க்கப் எழுத்து, எழுத்தை வடிவமைக்கும் பாங்கோ வழியாகப் போவதால் ஒழுங்காக வரும். குறியும் தமிழும் சேர்ந்து வேண்டுமென்றால் ‘கம்பைன்’ அல்லது ‘சென்டர்-காலம்’ கொண்டு பாத்தையும் எழுத்தையும் அடுக்குங்கள்.

தேவிபட்டினம்_9

அதோடு சேர்த்து: ஸ்வர எழுத்தை வரிக்கு அடியில் போடுகிறவர்கள், மேல்ஸ்தாயிப் புள்ளியை யூனிகோடின் ஒட்டுப்புள்ளியாகப் போட்டால் ‘ரி’, ‘நி’ மேல் விசிறியோடு மோதும், சில எழுத்துருவில் வட்டக்கோட்டோடு தனியாக விழும். ‘ட்ரா-சர்க்கிள்’ ஆரம் 0.15, தடிமன் 0, நிரப்பு என்று ஒரு புள்ளியை வரைந்து சென்டர்-காலத்தில் எழுத்துக்கு மேல் வையுங்கள். எந்த எழுத்துருவிலும் ஒரே மாதிரி வரும்.

ராம்நாடு_ஆஃப்செட்

அச்சுப் பக்கத்திலிருந்து. ஏ4-இல் வைத்த பக்கத்தை ஏ5 கையேடாக அடிக்கச் சொல்கிறீர்கள், அது 71 சதவீதமாகச் சுருங்கும். 0.1 தடிமன் கோடு 20 பாயின்ட் ஸ்டாஃபில் 0.18 மி.மீ., சுருங்கினால் 0.12. 600 டிபிஐ லேசரில் மூன்று புள்ளி. டோனர் சேமிப்பில் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் அது மங்கிப்போகும். மேலே சொன்ன 0.16 சுருங்கிய பிறகும் 0.2 மி.மீ. நிற்கும், நல்ல தேர்வு. தடிமன் 0 என்று போஸ்ட்ஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். கருவியால் எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக வரையும். திரையில் தெரியும், பிளேட்டில் காணாது.

நிரப்பிய வடிவத்தில் இன்னொன்று: பாத் நிரப்பும்போது ஓரத்தையும் கொடுத்த தடிமனில் வரைகிறது. வடிவம் ஒவ்வொரு பக்கமும் பாதித் தடிமன் பருத்துவிடும். சின்ன ஓட்டை உள்ள மிதவைக் குறி சுருங்கினால் அடைந்துபோவது இதனால்தான். நிரப்பும் வடிவத்துக்கு 0.02 போதும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வெக்டர் எல்லாம் போய்ப் புகைப்படமாகத்தான் எங்களிடம் வந்து சேரும்.

தென்கடல்_மண்டபம்

ஸ்டென்சில் ஓடுகிறது. ஏ5-இலும் அம்பு தெளிவு. ஓர் இடம் மட்டும் சரியில்லை: அலைக்கோடும் இழுப்பு அம்பும் ஒரே ஸ்வரத்தில் வந்தால் அலை மேலே, அம்பு கீழே என்று ஒரு வரியில் வருகிறது, இன்னொரு வரியில் மாறி வருகிறது.

தங்கச்சிமடம்_கொயர்

‘அவுட்சைடு-ஸ்டாஃப்-பிரையாரிட்டி’. எண் சிறியது ஸ்டாஃபுக்கு அருகில் உட்காரும். டெக்ஸ்ட்ஸ்பேனருக்கு இயல்பு 350, டெக்ஸ்ட்ஸ்கிரிப்டுக்கு 450. அதன்படி அலைதான் ஸ்டாஃபுக்குப் பக்கத்தில் வர வேண்டும், ஆனால் அலை தொடங்கும் மாத்திரைக்கு முன்பே அம்பு நிற்கும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று மறிப்பதில்லை, அதனால் அம்பு கீழே இறங்குகிறது. அம்பு எப்போதும் ஸ்வரத்தை ஒட்டி நிற்க வேண்டுமென்றால் டெக்ஸ்ட்ஸ்கிரிப்டுக்கு 300 கொடுத்து, டெக்ஸ்ட்ஸ்பேனரின் ஸ்டாஃப்-பேடிங்கை 4 ஆக்குங்கள். அலை எல்லாம் மேல் மட்டத்தில் நேராக ஓடும்.

கீழக்கரை_கீபோர்டு

முடிந்ததும் அம்பு, அலை, ஜாரு மூன்றையும் தனிக் கோப்பில் மாறிகளாக வைத்து ‘இன்க்ளூட்’ செய்துகொள்ளுங்கள் தம்பி. இங்கேயும் போடுங்கள். ஆனால் எடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஓட்டும் முன் ஒருமுறை திறந்து படித்துவிடுங்கள். லில்லிபாண்ட் கோப்புக்குள் ஸ்கீம் முழுதாக ஓடும், கணினியில் கட்டளை இயக்கவும் கோப்பை அழிக்கவும் அதனால் முடியும். பழைய பாதுகாப்புத் தேர்வான ‘டிசேஃப்’ 2.24-இல் எடுக்கப்பட்டுவிட்டது.

தென்கடல்_மண்டபம்

300-உம் 4-உம் வைத்ததில் அலை மேலே, அம்பு கீழே என்று எல்லா வரியிலும் நிற்கிறது. கோப்பை இன்று ராத்திரி இங்கே ஏற்றிவிடுகிறேன். எழுபது வரிதான், படித்துப் பார்த்தே ஓட்டலாம்.